பாம்புக்குப் பக்கத்தில் என் செருப்பு

சில வருடங்களுக்கு முன், மாரி முடிந்து கடல் அடங்கிய ஒரு மாசி மாதக் காலையில் நடந்தது இது. இடம், கல்முனைக்குத் தெற்கே எங்கள் கரைவலை வாடிக்கு, அதாவது வலையும் ஆட்களும் தங்கும் கொட்டிலுக்கு, முன்னால் உள்ள கடற்கரை.

நான் கரைவலையில் கயிறு இழுப்பவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கரைவலையைக் காணாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து விடுவோம். பிறகு கரையில் இரண்டு கூட்டமாக நின்று இரண்டு பக்கத்துக் கயிற்றையும் இழுப்போம். கடைசியில் மடி என்கிற பை கரைக்கு வரும். மீன் அதற்குள்தான் இருக்கும். மீனோடு வேறு பலதும் இருக்கும். சொறி என்கிற ஜெல்லி மீன், பேத்தை மீன், திருக்கைக் குஞ்சு, சுறாக் குட்டி, பாம்பு. விலை போவதைக் கூடையில் போடுவோம். மற்றதை எறிந்து விடுவோம்.

எங்கள் வலையில் பாம்பைக் கொல்வதில்லை. கொன்றால் அடுத்த வளைப்பில் மீன் படாது என்று ஒரு பேச்சு. அதனால் மடியை அவிழ்த்ததும் முதல் வேலை, பிஸ்மி சொல்லி, பாம்பை வாலில் பிடித்துச் சுழற்றிக் கடலுக்குள் எறிவதுதான். வெறுங்கைதான். உடம்பில் வரி வரியாக இருக்கிற பாம்பென்றால் கொஞ்சம் தள்ளி நிற்போம். இன்னொன்று வரும், சாம்பல் நிறம், அழுக்குத் துணி மாதிரி. அதற்கு ஒருவரும் பயப்படுவதில்லை. பார்க்கப் பயமாக இருப்பதுதான் விஷம் என்பது எங்கள் கணக்கு.

ஒரு நாள் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மிஸ் வந்தார். பல்கலைக்கழகத்தில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்கிறவர். கறுப்பு அபாயா, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஓர் அளவு நாடா. மீன் வாங்க வந்தவர் என்று நினைத்தோம்.

“நீங்க விக்கிற மீன் எனக்கு வேணாம். எறியிறீங்களே, அதுதான் வேணும்” என்றார்.

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, வாய் சும்மா இருக்காது. “எறியிறதெண்டா எங்கட மச்சானையும் கொண்டு போங்க மிஸ். வீட்டுல ராத்தா எப்பயோ எறிஞ்சிட்டா” என்று என்னைக் காட்டினான். ராத்தா என்றது அவன் அக்காவை, என் மனைவியை. எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார்.

அவர் கேட்டது இதுதான். பாம்போ, சுறாக் குட்டியோ, தெரியாத மீனோ மடியில் வந்தால் எறியுமுன் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். முழு உடம்பு ஒரு படம், தலை கிட்டத்தில் ஒரு படம். எந்தக் கரை, காலையா பின்னேரமா என்று சொல்ல வேண்டும். இந்தக் கரையில் எந்தெந்த உயிர் இருக்கிறது என்று ஒருவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லையாம். எங்கள் வலையில் நாள் தவறாமல் வருகிறதைத் தேடி ஆராய்ச்சிக்காரர்கள் தனியாகத் தோணி எடுத்துப் போக வேண்டி இருக்கிறதாம்.

நல்ல கெமரா உள்ள போன் என்னிடம்தான் இருந்தது. கட்டாரில் வேலை செய்யும் மருமகன் கொண்டுவந்து தந்தது. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு மிஸ், “காக்கா, இது பெருசா சின்னதா எண்டு எனக்கு விளங்குதில்ல. பக்கத்துல ஏதாச்சும் வைங்க” என்றார். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். கடற்கரையில் என்ன இருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்தேன். நீல றப்பர்ச் செருப்பு, வார் அறுந்து வலை நூலால் கட்டியது. மிஸ் அடுத்த முறை வந்தபோது அந்தச் செருப்பை நாடாவால் அளந்துகொண்டு போனார். அதன் பிறகு எல்லாப் படத்திலும் செருப்பு இருக்கும்.

எனக்கு எழுதி அனுப்பத் தெரியாது. வொய்ஸ் போடுவேன். அவரும் வொய்ஸில் பதில் சொல்வார். இது இன்ன சாதி, இது குட்டி போடும், இது முட்டை இடும் என்று. கொஞ்சம் நீட்டிச் சொல்வார். நான் பாதியில் நிறுத்தி விட்டுக் கயிறு இழுக்கப் போய்விடுவேன்.

வலை ஆட்கள் என்னைச் சும்மா விடவில்லை. “பாம்புக்குப் பாஸ்போட் எடுக்கிறான், கட்டாருக்கு அனுப்பப் போறான்” என்பார்கள். மச்சான் பாம்பை வாலில் தூக்கிப் பிடித்து, “சிரிடி, படம் எடுக்கிறாங்க” என்பான்.

ஒரு தரம் மிஸ் தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆராய்ச்சிக்காரர்களும் பொதுச் சனமும் பார்க்கிற பக்கமாம். உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாமாம். எங்கள் கரையின் பாம்புகள் வரிசையாக இருந்தன. எந்தப் பகுதி என்று மட்டும் போட்டிருந்தது, ஆள் பெயர் இல்லை. ஒரு படத்துக்குக் கீழே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பாம்பின் பெயரைச் சரி என்று உறுதிப்படுத்தி இருந்தார். அந்த ஆள் என் அறுந்த செருப்பையும் பார்த்திருப்பாரே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இப்படியே கொஞ்சக் காலம் போனது.

பிறகு ஒரு நாள் எங்கள் வலைச் சொந்தக்காரர், நாங்கள் முதலாளி என்று கூப்பிடுகிறவர், ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டு ஒரு கதையோடு வந்தார். கரைவலையை நிறுத்தப் போகிறார்கள் என்று அங்கே கதைக்கிறார்களாம். சுறாக் குட்டியும் ஆமையும் இந்த வலையில்தான் அழிகிறது என்று படத்தோடு காட்டுவார்களாம். அந்தப் படங்கள் எங்களைப் போன்ற ஆட்களின் போனிலிருந்துதான் போகிறதாம்.

எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டார். “டேய், சுறாக் குட்டிப் படமும் அனுப்பினியா?”

“ஓம்” என்றேன்.

“உன்ட கையாலயே எங்கட வயித்துல அடிச்சிருக்காய். இந்த வலைய நம்பி எத்தின குடும்பம் இருக்கு, தெரியுமா உனக்கு? இனி ஒரு படம் போகப்படாது.”

அன்று ஒருவரும் கேலி பகிடி பண்ணவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். முதலாளி சொன்னதைச் சொன்னேன். “இந்தப் படத்தால எங்கட வலைக்கு ஒண்டும் வராது எண்டு சொல்லுங்க. நான் அவருக்கிட்ட சொல்றன்” என்றேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார். “அப்பிடி நான் வாக்குத் தர ஏலாது காக்கா. இது எல்லாரும் பாக்கட்டும் எண்டு போடுற தகவல். யார் என்னத்துக்கு எடுப்பாங்க எண்டு எனக்குத் தெரியா. பொய் சொல்லி உங்கட படத்த வாங்க எனக்கு ஏலாது.”

“அப்ப நான் நிப்பாட்டுறன் மிஸ்.”

“சரி காக்கா. கோவமில்ல.”

நிறுத்தி விட்டேன். முதலாளி போனில் உள்ள பழைய படங்களையும் அழிக்கச் சொன்னார். எனக்கு ஒவ்வொன்றாக அழிக்கத் தெரியாது. மகளிடம் கொடுத்தால் மொத்தமாக அழித்து விடுவாள், பேத்தியின் படங்களும் போய்விடும். அப்படியே விட்டு விட்டேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வலை வளைத்தோம். வெயில் ஏற மடி கரைக்கு வந்தது. சொறிதான் கூடுதல். நெத்தலி கொஞ்சம், காரல் கொஞ்சம். மச்சான் குனிந்து சொறியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே பாம்பு இருந்ததை அவன் காணவில்லை. கையை உதறினான். சாம்பல் பாம்பு, அவன் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் கவ்விக்கொண்டு தொங்கியது. இன்னொரு உதறலில் விழுந்தது.

“கடிச்சிட்டா?” என்றேன்.

“கடியா இது? உன்ட தங்கச்சி கிள்ளினா இதவிட நோகும்” என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்தான். அந்த ஆளின் தங்கையைத்தான் அவன் கட்டியிருந்தான். விரலைப் பார்த்தோம். முள் குத்தியது போல் இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை. இரத்தமும் பெரிதாக இல்லை. உப்புத் தண்ணீரில் கழுவினான்.

முதலாளி வந்து பார்த்தார். “சாம்பல்தானே. ஒண்டும் செய்யா” என்று சொல்லிப் பாம்பை வாலில் தூக்கிச் சுழற்றி எறிந்தார்.

என் கை போனுக்குத்தான் போனது, பழக்கத்தில். பிறகு வெளியே எடுக்கவில்லை.

மீனைப் பிரித்தோம். வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனார். வாடிக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தோம். மச்சான் கழுத்து நோகிறது என்றான். தொடை நோகிறது என்றான். அதை யார் கணக்கெடுப்பார்கள். கயிறு இழுக்கிறவனுக்கு ஒவ்வொரு நாளும் உடம்பு நோகும். நோகவில்லை என்றால்தான் அவன் இழுக்கவில்லை என்று அர்த்தம். “கட்டி ஒரு வருசமில்ல, கிழவன் மாதிரி முனகுறான்” என்றார்கள். ஒருவர் தைலம் எடுத்துக் காலை உருவத் தொடங்கினார். அவன் கத்தினான். தொட்டாலே நோகிறது என்றான்.

எனக்கு உறைத்தது வேறொன்று. தின்னப் பணிஸ் ரொட்டி ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தேன். அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. திறக்கிறேன் திறக்கிறேன் என்கிறான், விரல் நுழைகிற அளவுக்கு மேல் போகவில்லை. இவன் வாய் மூடி நான் கண்டதே இல்லை.

வெளியே வந்து மிஸ்ஸுக்கு எடுத்தேன். படம் அனுப்புவதை நிறுத்திய பிறகு அதுதான் முதல் அழைப்பு. சலாம் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பழைய கதையை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

“கடி நொந்ததா?”

“இல்ல.”

“இப்ப உடம்பு நோகுதா? கழுத்து, தொடை?”

“ஓம்.”

“வாய் திறக்க ஏலுதா?”

“இல்ல.”

“காக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நடக்க விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க. உருவ வேணாம். கட்டுப் போட்டு இறுக்க வேணாம். கடல் பாம்பு கடிச்சது எண்டு டொக்டருக்குச் சொல்லுங்க. வீட்டு மருந்து ஒண்டும் வேணாம். கெதியாப் போங்க.”

உள்ளே போய்ச் சொன்னேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “அந்தப் புள்ளக்கிட்டத்தான் கேட்டியா? நான் பொறந்த நாள்ல இருந்து இந்தப் பாம்பத் தூக்கி எறியிறன். இதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரே சிரிக்கும்” என்றார். மச்சானும் வர மாட்டேன் என்றான். அவன் மனைவி பிள்ளைத்தாச்சி, தலைப்பிள்ளை. ஆஸ்பத்திரி என்று கேட்டால் பயந்து விடுவாள், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்றான். பல்லைக் கடித்தபடி பேசினான்.

நான் வாதாடத் தெரியாதவன். ஓட்டோ பிடிக்கப் போனேன். நான் ரோட்டுக்குப் போகுமுன் பின்னால் கூப்பிட்டார்கள்.

மச்சான் வாடிக்குப் பின்னால் சிறுநீர் கழிக்கப் போயிருக்கிறான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணலில் போனது பிளேன்டீ நிறம், பால் விடாத தேத்தண்ணி மாதிரி. சாயம் கூடின பிளேன்டீ. மணலே கறுத்துக் கிடந்தது.

முதலாளி அதைப் பார்த்தார். தன் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மச்சானை இரண்டு கையாலும் தூக்கினார். மீன் ஏற்றும் அவருடைய லொறி அங்கே நின்றது. அதிலேயே போனோம். பள்ளிவாசலில் லுஹருக்கு, நண்பகல் தொழுகைக்கு, பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர். தமிழை மெதுவாகக் கதைத்தார்.

“பாம்பு எங்க?”

“கடல்ல” என்றார் முதலாளி.

“ஏன் கடல்ல?”

“அதுட வீடு அங்கதானே டொக்டர்.”

வேறு நேரம் என்றால் சிரித்திருப்பேன். டொக்டர் என்ன பாம்பு என்று கேட்டார். சாம்பல் என்றோம். சாம்பலில் எது என்றார். எங்களுக்கு அதற்கு மேல் தெரியாது. மச்சானுக்கு அப்போது கண் இமை பாதி விழுந்து விட்டது. தூக்கம் வந்தவன் மாதிரி கிடந்தான்.

அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. திறந்து டொக்டரிடம் காட்டினேன். பாம்பு, பாம்பு, பேத்தி, பாம்பு, பேத்தியின் பிறந்தநாள் கேக், பாம்பு. எல்லாப் பாம்புக்கும் பக்கத்தில் செருப்பு. டொக்டர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஏன் இதெல்லாம் வைத்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. போனை வாங்கி மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொன்றாகத் தள்ளினார். வரிப் பாம்புக்கு அவன் தலையை லேசாக அசைத்தான், இல்லை என்று. இன்னொன்றுக்கும் இல்லை. பிறகு ஒரு சாம்பல் பாம்பு. தலையைக் கிட்டத்தில் எடுத்த படம். மூக்கு கீழே வளைந்து வாயை மூடியிருக்கும். அவன் விரல் எழும்பியது.

டொக்டர் போனை வெளியே கொண்டுபோய், மச்சான் எதைக் காட்டினான் என்று சொல்லாமல், அங்கே நின்ற முதலாளியிடம் கொடுத்தார். நீங்கள் எறிந்தது எது என்று கேட்டார். முதலாளி கண்ணாடி இல்லாமல் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அதே படத்தைத்தான் காட்டினார்.

மிஸ்ஸின் இலக்கத்துக்கு நான் எடுத்துக் கொடுத்தேன். டொக்டரும் அவரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் போன் எப்போதும் மீன் மணக்கும். டொக்டர் அதைக் காதில் வைத்துக்கொண்டே தாதிக்குக் கையால் வேலை சொன்னார்.

பிறகு எங்களிடம் வந்து சொன்னார். அந்தச் சாதிக்கு விஷம் கூடுதல். கடித்த இடத்தில் ஒன்றும் காட்டாது. சதையை உள்ளே அழிக்கும். அழிந்த சதை சிறுநீரகத்தில் போய் அடைக்கும். நிலத்துப் பாம்புக்கு ஏற்றும் மருந்து இதற்குச் சரிவராது, சில நேரம் அந்த மருந்தே உடம்புக்குக் கேடாகும். என்ன பாம்பு என்று தெரிந்ததால் இப்போதே சிறுநீரகத்தைப் பார்க்கத் தொடங்கலாம். தானாகச் சரியாகும் என்று வாடியில் படுக்க வைத்திருந்தால் கஷ்டம். மட்டக்களப்புக்கு அனுப்புகிறேன், அங்கே இரத்தம் சுத்திகரிக்கிற மெசின் இருக்கிறது என்றார்.

“தப்புவானா?” என்று முதலாளி கேட்டார்.

“பாப்பம்” என்றார் டொக்டர்.

அம்புலன்ஸ் முன்னால் போனது. லொறியில் நானும் முதலாளியும் பின்னால் போனோம்.

பின்னேரம் என் மனைவி மட்டக்களப்புக்கு வந்தாள். தம்பியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். மூக்கிலும் கையிலும் குழாய். என் பக்கம் திரும்பி, “நீங்க அங்கதானே நிண்டீங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அவர்களுடைய உம்மா, அதாவது தாய், இறந்த பிறகு அந்தத் தம்பியை வளர்த்தவள் அவள். ஓம் என்றேன்.

அவன் மனைவியை வீட்டில் வைத்திருந்தோம். காய்ச்சல் என்று சொல்லி இருந்தோம். அவள் நம்பவில்லை என்று பிறகு தெரிந்தது.

நாட்கள் போயின. மெசினில் போட்டார்கள், எடுத்தார்கள், திரும்பவும் போட்டார்கள். முதலாளி வலையை வளைக்கவில்லை. வாடியில் ஒருவரும் வேலைக்கு வா என்று கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவனுக்காகத் துஆ கேட்டார்கள். மிஸ் ஒவ்வொரு நாளும் வொய்ஸ் போடுவார். நான் இப்போது கடைசி வரை கேட்பேன். பழைய வொய்ஸ்களையும் திரும்பக் கேட்டேன். அதில் ஒன்றில், அந்த வளைந்த மூக்குப் பாம்பின் படத்துக்குத் தந்த பதிலில், அதன் கடி நோகாது, பிறகுதான் உடம்பு நோகும், கவனம் என்று சொல்லி இருக்கிறார். நான் பாதியில் நிறுத்தியது.

ஒரு காலையில் தாதி வந்து, சிறுநீர் தெளிந்து விட்டது என்றார். அன்று உள்ளே போக விட்டார்கள். மச்சான் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். மெலிந்து போயிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் உதட்டை அசைத்தான். குனிந்து கேட்டேன்.

“பாம்பக் கொல்லல்லதானே. அடுத்த வளைப்புல மீன் பட்டதா?”

“வளைக்கல்ல” என்றேன்.

“வேஸ்ட்” என்றான்.

நான் வெளியே வந்து முதலாளியிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். நெடுநேரம் திரும்பவில்லை.

அவன் வீட்டுக்கு வந்து சில நாளில் மிஸ் வாடிக்கு வந்தார். முதலாளி எழும்பி நின்று கதிரை கொடுத்தார். வாடியில் இருப்பது ஒரே கதிரை, அதில் அவர்தான் இருப்பார்.

“புள்ள, ஒண்டு கேக்கிறன்” என்றார். “இந்தப் படங்களால எங்கட வலைக்குக் கெடுதி வருமா வராதா?”

“தெரியா முதலாளி. வராது எண்டு நான் சொன்னா அது பொய்.”

“இப்பயும் அதத்தான் சொல்ற.”

“இப்பயும் அதான்.”

முதலாளி கடலைப் பார்த்தார். “பாம்புப் படத்தோட சுறாக் குட்டிப் படத்தையும் போடுவாய்?”

“போடுவன்.”

“அப்ப நாங்க அதுகள உசிரோட திருப்பி விடுறதையும் சேத்துப் போடு. எடுத்தத மட்டும் போட்டா அநியாயம்.”

“நீங்க திருப்பி விடுறீங்களா?” என்று மிஸ் கேட்டார்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். “இனி விடுவம்” என்றார்.

அவர் சொன்னபடி செய்தார். சுறாக் குட்டி துடிக்கத் துடிக்க மடியில் வந்தால் முதலில் அதைத்தான் தண்ணீருக்குள் கொண்டு போவோம். செத்து வருவதும் உண்டு. அதையும் படம் எடுக்கிறேன். நல்லதை மட்டும் அனுப்பினால் மிஸ் கண்டுபிடித்து விடுவார்.

பிறகு மிஸ் ஒரு பெரிய தாளை அச்சடித்துக்கொண்டு வந்தார். தமிழில். இந்தக் கரையில் வலையில் படுகிற பாம்புகளின் படங்கள். எதைக் கையால் தொடக் கூடாது, கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கீழே எழுதி இருந்தது. வாடி வாடியாக ஒட்டினார்கள். பள்ளி வாசலில் ஒட்டினார்கள். ஆஸ்பத்திரியிலும் ஒன்று இருக்கிறது. நடுவில் பெரிய படமாக அந்த வளைந்த மூக்குச் சாம்பல் பாம்பு. பக்கத்தில் என் நீலச் செருப்பு, வலை நூலோடு. செருப்பை வெட்டி விட்டுப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அளவு விளங்க வேண்டுமே காக்கா என்றார்.

ஒரு தரம் ஒலுவிலில் முன்பின் தெரியாத ஒரு தோணிக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாடியில ஒட்டியிருக்கிற செருப்பு உங்கடதானே?” என்றார். ஓம் என்றேன். தங்கள் தோணியில் ஒருவரை அந்தப் பாம்பு கடித்ததாம். நோகவில்லை என்று அவரும் சிரித்தாராம். தாளில் பார்த்ததால் உடனே கொண்டு போனார்களாம். ஒன்றும் ஆகவில்லையாம். எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். குடித்து விட்டு வந்தேன். மிஸ்ஸுக்கு வொய்ஸ் போட்டேன்.

மச்சானுக்கு அந்தக் கோடை முழுக்கக் கயிறு பிடிக்க முடியவில்லை. இப்போதும் முன்னைப் போல் இல்லை. மடி கரைக்கு வந்ததும் நீளக் கவைத்தடி ஒன்றோடு முதலில் போவது அவன்தான். அவன் கிளறிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பிறந்த மகளுக்கு இப்போது ஓடித் திரிகிற வயது. கடற்கரைக்கு வந்தால் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி விட்டுத்தான் தடியை எடுப்பான். பாம்பு வந்தால் அங்கிருந்தே கத்துவான்.

“மச்சான், செருப்பக் கழட்டு!”

உயிரைக் காத்தவன் அல்லாஹ். ஆனால் எறிகிற சாமானை ஒரு தரம் நின்று பார்த்து, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அனுப்பியதையும் அவன் ஒரு காரணமாக ஆக்கினான் என்று நான் நம்புகிறேன், அதனால்தான் சுடுமணலில் வெறுங்காலோடு நின்று இன்றைக்கும் படம் எடுக்கிறேன்.